அப்பாவின் பக்கம்

ஹலோ... ஆங், சொல்லுடா... கேக்குது, கேக்குது. ஏன் இப்படிக் கத்தற?... இரு ஒரு நிமிஷம். அப்பாவுக்கு நகம் வெட்டிக்கிட்டிருக்கேன். ஒரு கையில அவர் விரல், ஒரு கையில போன். ஸ்பீக்கர்ல போடட்டுமா, அவரும் கேப்பார்... வேணாமா? தனியாப் பேசணுமா?... சரி. இரு, இரு.

அப்பா, அப்படியே உக்காந்திருங்க. ரெண்டு விரல்தான் பாக்கி. தம்பி போன் பண்றான், பேசிட்டு வந்துடறேன்... தம்பி. என் தம்பி... உங்க பையன்ப்பா... ஆமா. உங்களுக்கு ஒரு பையன் இருக்கான். பெரிய ஆளாயிட்டான், மீசையெல்லாம் வெச்சிருக்கான்... உக்காருங்க.

ம், சொல்லு. பின்பக்கம் துணி காயப்போடற எடத்துக்கு வந்துட்டேன். ஜன்னல் வழியா அவரப் பாத்துக்க முடியும்... யாரு? பத்திரிகை எடிட்டரா? உனக்கா போன் பண்ணினார்?... ம்... ம்... சரி... அவர் கேப்பார்னு எனக்குத் தெரியும். ஆனா என்கிட்டதான் கேப்பார்னு நினைச்சேன். உன் நம்பர் எப்படிக் கெடைச்சுது அவருக்கு?... ஓ. போன வருஷம் நீ பாராட்டி மெயில் போட்டியா? அப்பாவோட பக்கத்துக்கா? நல்லாயிருக்கு...

ஆமா... ஆமாடா... ஆமான்னு சொல்றேன்ல. நான்தான் எழுதினேன்... இந்த வாரத்தது மட்டும் இல்ல. எல்லாம்... எல்லாம்னா எல்லாம்தான். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுது. அப்பா ஒரு வரிகூட எழுதல.

...

ஹலோ? இருக்கியா?... ம். கத்து. கத்தி முடிச்சுக்கோ, அப்புறம் பேசறேன்.

ஏமாத்தினேனா? யார?... உன்னையா?... சரி, உன்னை. அப்புறம்?... வாசகர்களை. ம். அப்புறம்?... கடவுளையா? அவர் எப்படி ஏமாறுவார்? அவருக்குத் தெரியாம நான் எழுதியிருக்க முடியுமா?... இல்லடா, கிண்டல் பண்ணல. இந்த வெயில்ல நின்னுக்கிட்டு எனக்கென்ன கிண்டல்? நீ கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.

எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேளு மொதல்ல... கேக்கறியா, இல்ல, வெச்சுடவா?... ம்.

அம்மா போனதும் நான் இங்க வந்தேன் இல்ல? நீதானே சொன்ன, 'அக்காவுக்கு ஆபீஸா ஒண்ணா, வீட்லேருந்துதானே எழுதறா, அவ போய் இருந்தா அப்பாவுக்குத் துணையா இருக்கும்'னு... சொன்ன. எல்லாரும் உக்காந்திருக்கறப்ப சொன்ன. எழுதறதுன்னா என்ன ஸ்வெட்டர் பின்றதா, பாதியில வெச்சுட்டு எழுந்து போயி, வந்து விட்ட எடத்துலேருந்து பின்றதுக்கு?... சரி, அத விடு. வந்தேன். அப்பவே அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. அதனால வாராவாரம் அவர் சொல்லுவார், நான் டைப் அடிச்சு அனுப்புவேன். ஒரு சொல்லுகூட மாத்த விடமாட்டார். கமா வெச்சாக்கூட 'யாரக் கேட்டு வெச்ச'ம்பார்.

அப்புறம் ஒரு நாள் பாதி சொல்லிட்டு நிறுத்திட்டார். 'மீதிய நீ முடிச்சுடு, உனக்குத்தான் தெரியுமே'ன்னார். நானும் களைப்பா இருக்கார்னு முடிச்சேன். அடுத்த வாரம் நாலு வரி. அதுக்கடுத்த வாரம் ஒரு வரி. ஒரு தரம் 'மழையப் பத்தி எழுதும்மா'ன்னார். அவ்ளோதான். மழையப் பத்தி எழுதினேன். அதுக்கப்புறம் மழையும் இல்ல.

... சொன்னேனே. உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொன்னேன்? பிரார்த்தனைக் கூடத்துல நடந்தத அன்னைக்கே போன் பண்ணி சொன்னேன்ல?... மறந்துட்டியா? நீயுமா?... அவர் பிரார்த்தனை நடத்திக்கிட்டிருந்தார்டா. கூடம் நெறைய ஜனம். நடுவுல நின்னுட்டார். கண்ண மூடிக்கிட்டு அப்படியே நின்னார். எவ்ளோ நேரம்! எல்லாரும் அவர் உருகிப்போயிட்டார்னு நினைச்சாங்க. முன் வரிசையில ஒருத்தங்க அழவே ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களப் பாத்துப் பக்கத்துல இருந்தவங்க. அப்புறம் கூடமே அழுதுது. வெளிய வந்து 'பெரியவர் இவ்ளோ உருக்கமாப் பண்ணினதே இல்ல'ன்னு சொல்லிட்டுப் போறாங்க. நான் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வரேன், என் காதுல கேக்கறார், 'அடுத்து என்னம்மா? அடுத்தது என்ன வரும்?'னு. அவர் எத்தனை வருஷமாச் சொல்லிக்கிட்டிருந்த பிரார்த்தனை அது.

அதச் சொன்னப்ப நீ என்ன சொன்ன தெரியுமா? 'வயசானா எல்லாருக்கும் மறதி வரும்க்கா, அவர் எழுத்தப் பாரு, எவ்ளோ தெளிவா இருக்கு'ன்ன... ஒரு தரமா சொன்ன? டாக்டர் சொன்னதச் சொன்னா, 'எழுத்தப் பாரு.' ராத்திரி தூங்கறதில்ல, கதவத் திறந்துக்கிட்டு ரோட்டுக்குப் போயிடறார்னு சொன்னா, 'ஆனா அந்தப் பக்கத்தப் படிச்சியாக்கா?' நான் படிச்சேனாவா! என் எழுத்தே எனக்கு எதிர்சாட்சி ஆயிடுச்சுடா. நல்லா எழுத எழுத நீ நம்பமாட்டேன்ன. மோசமா எழுதிப் பாக்கலாமான்னுகூட ஒரு வாரம் யோசிச்சேன். முடியல. அவர் பேர் இருக்கே கீழ.

... ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடற, உன் கடையில. இது ஒண்ணு உனக்குத் தெரியல... சரி, சரி, கோவிச்சுக்காத. வந்தியே ஒரு நாள், அப்பவாவது தெரிஞ்சிருக்கணும்னு சொல்ல வந்தேன்... சிரிச்சார். ஆமா, நல்லாத்தான் சிரிச்சுக்கிட்டே இருந்தார். யார் வந்தாலும் அப்படித்தான். கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவர் வந்தாலும் அதே சிரிப்பு.

ஒரு நிமிஷம் இரு... அப்பா! அது என் செருப்புப்பா. உங்களுக்குப் பத்தாது... எங்க போறீங்க?... கூடத்துக்கா? இன்னைக்குக் கூட்டம் இல்லப்பா. நாளைக்குத்தான். உள்ள போய் உக்காருங்க, அந்தத் துண்டெல்லாம் மடிக்காம கெடக்கு பாருங்க, மடிச்சு வைங்க... ஆ, அதேதான்.

ம், சொல்லு... நாளைக்கும் கூட்டம் இல்ல. சும்மா சொன்னேன். தெனம் நாளைக்குன்னு சொல்லுவேன். இப்ப பொய்யா வருது வாயில, பழகிடுச்சு.

... எனக்கா? எனக்கு நம்பிக்கை இருக்கான்னா கேக்கற?... இல்ல, கேளு, தப்பில்ல. நம்பாம எப்படி எழுதினன்னு கேக்கற. நியாயமான கேள்விதான்... தெரியலடா. எழுதறப்ப இருக்கும். அவர் குரல் காதுல ஓடும், கை தானா எழுதும், கண்ணுல தண்ணிகூட வரும். எழுதி முடிச்சு லேப்டாப்ப மூடினதும் போயிடும். அப்புறம் அடுத்த வேலை. என் பொழப்பு அப்படி. காலையில வாஷிங் மெஷின் கையேட்டுல துணி எப்படித் துவைக்கணும்னு எழுதுவேன், மத்தியானம் அப்பா பேர்ல மனச எப்படித் துவைக்கணும்னு எழுதுவேன். ரெண்டும் ஒரே மேஜை. நடுவுல அவர் படுக்கை விரிப்ப நான் துவைக்கணும், அதுக்குக் கையேடு கெடையாது.

... இல்ல, என் வீட்டுக்காரர் வர்றதில்ல... எப்பலேருந்துன்னு என்ன சொல்ல. மொதல்ல சனிக்கிழமை சனிக்கிழமை வந்துக்கிட்டிருந்தார். அப்புறம் போன். இப்ப அதுவும் இல்ல... சண்டையா? சண்டை எதுவும் இல்ல. 'உங்கப்பாவா, நானா'ன்னு கேக்கற ஆளா அவர்? மெதுவா நின்னுட்டார். கேட்டிருந்தாலாவது ஒரு பதில் சொல்லியிருப்பேன்... ஏன் சொல்லலன்னா? நீ கேக்கல. நீ போன் பண்ணினா 'அப்பா எப்படி இருக்கார், இந்த வாரம் எழுதிட்டாரா'ன்னு கேப்ப. நான் 'எழுதிட்டார்'ம்பேன். வெச்சுடுவ.

சரி, எடிட்டர் என்ன கேக்கறார் உன்கிட்ட?... ம்... இந்த வாரத்தத போடறதுக்குக் குடும்பத்துல எல்லாருக்கும் சம்மதமான்னு. ம்... மத்தியானத்துக்குள்ள சொல்லணுமா? சரி. அவருக்கும் பயம் இருக்கும், பாவம்... நீ என்ன சொன்ன?... இன்னும் சொல்லலையா... படிச்சியா அத?... படிக்காமலேதான் இவ்ளோ கத்தினியா? அனுப்பியிருக்காரே உனக்கு?... தெறக்கத் தைரியம் இல்லையா. சரி. நான் படிக்கட்டுமா? போன்லயே இருக்கு... பெருசு இல்லடா. பாதிப் பக்கம்தான். கேளு.

'என் அப்பா இந்தப் பக்கத்தை எழுதி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் இதுவரை வாசித்தவை அவருடைய சொற்கள் அல்ல, அவர் மகளுடையவை. அவருக்கு இப்போது உங்கள் பெயர்கள் தெரியாது. என் பெயரும் தெரியாது. சென்ற வாரம் கடவுளின் பெயரைச் சொன்னேன். அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று மரியாதையாகக் கேட்டார்.'

... நிஜமாத்தான்டா. அப்படியே கேட்டார். 'எந்தத் தெருவுல இருக்கார், நான் பாத்ததில்லையே'ன்னு... முழுசாக் கேளு.

'கூட்டம் முடிந்ததும் அவருடைய கைகளைப் பற்றிக்கொள்ள நீங்கள் வரிசையில் நிற்பீர்கள். அந்தக் கைகள் இப்போது நாள் முழுவதும் ஒரே துண்டை மடிக்கின்றன. பிரிக்கின்றன. திரும்பவும் மடிக்கின்றன. அதில் ஏதோ அர்த்தம் இருப்பதாக எழுத எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் வாரந்தோறும் அப்படித்தான் எழுதிப் பழகினேன். இந்த முறை எழுதவில்லை. அவர் துண்டை மடிக்கிறார். அவ்வளவுதான். உங்களுக்கு அவர்மேல் அன்பு இருந்தால் வந்து பாருங்கள். அவருக்கு உங்களைத் தெரியாது. ஆனாலும் வாருங்கள்.'

அவ்ளோதான். கீழ என் பேர் போட்டிருக்கேன். முதல் தரம்.

...

தம்பி?... ம்... ம்... அழாதடா... சரி, அழு.

... என்ன?... எந்த வாரம்?... ஓ.

அத விடு... வேணாம்டா, அத மட்டும் கேக்காத... ஏன்னா கேக்காத, அவ்ளோதான். அந்தப் பக்கத்த வெட்டி நீ பர்ஸ்லயே வெச்சிருக்கறது எனக்குத் தெரியும். மடிச்சு மடிச்சு ஓரமெல்லாம் கிழிஞ்சுபோய் டேப் ஒட்டி வெச்சிருக்க, நீ வந்தப்ப பாத்தேன். அது உன்கிட்டயே இருக்கட்டும். யார் எழுதினா என்ன?... பிடிவாதம் பண்ணாதடா.

... சரி. ஆமா. அதுவும் நான்தான்.

இல்ல... இல்ல, அவர் சொல்லி எழுதல. ஒரு வார்த்தைகூட... சொல்றேன். கேட்டுட்டு என்னத் திட்டாத.

உன் குழந்தை தவறின அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணினியே, நான் குளிச்சிக்கிட்டிருந்தேன். அவர்தான் எடுத்தார். நீ அழுதிருக்க. அவர் பேசவே இல்லன்னு நீயே அப்புறம் சொன்ன. 'அப்பா ஒரு வார்த்தை பேசலக்கா, ஆனா அந்த மௌனம் இருக்கே, அதுதான் என்னத் தாங்குச்சு'ன்னு சொன்ன... நான் ஈரத்தலையோட வெளிய வரேன். போனைத் தூக்கி நீட்டிக்கிட்டு நிக்கறார். 'யாரோ ஒருத்தர் அழறார்மா. பாவம், நம்பர் மாத்திப் போட்டுட்டார் போலிருக்கு, நீ என்னன்னு கேளு'ன்னார். நான் வாங்கிப் பாக்கறதுக்குள்ள நீ வெச்சுட்ட.

...

அதான் எழுதினேன். அப்பா உனக்குச் சொல்லியிருக்க வேண்டியத நான் எழுதினேன். அவர் நல்லா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ, அத. அந்த ஒரு பக்கத்த மட்டும் நான் பொய்யா எழுதல. சத்தியமா. அது முடிக்க மூணு நாள் ஆச்சு... தம்பி... டேய்...

... அவர்கிட்டயா? இப்பவா?... எதுக்குடா? கஷ்டப்படுவ... சரி. குடுக்கறேன். ஆனா 'நான் யாரு தெரியுதா'ன்னு மட்டும் கேக்காத. அவர் பயந்துடுவார். இரு, உள்ள போறேன்.

அப்பா... அப்பா, இந்தாங்க. போன்... காதுல வைங்க. அப்படி இல்ல, திருப்பி... ஆங். பேசுங்க. தம்பி பேசறான். ஒண்ணும் சொல்ல வேணாம், கேட்டாப் போதும்...

...

...

போதுமாப்பா? குடுங்க... ஏன் எழுந்து நிக்கறீங்க? அவர் இங்க இல்ல, போன்லதான் இருக்கார். உக்காருங்க.

ஹலோ... நான்தான்... என்ன சொன்னார்? என்கிட்டயும் சொல்லு... 'ஐயா'ன்னாரா உன்ன?... என்னயும் சில நாள் அம்மாம்பார், சில நாள் மேடம்பார். தெரியாதவங்ககிட்ட அவர் எப்பவுமே ரொம்ப மரியாதையாத்தான் பேசுவார்... நீ பிரார்த்தனை சொன்னியா? முழுசாவா?... அவர் என்ன சொன்னார்?... 'நல்லாச் சொல்றீங்க, எங்க கத்துக்கிட்டீங்க'ன்னாரா...

...

இப்பவாவது நம்பறியா? நான் சொன்னப்ப வந்திருந்தா இத நேர்ல பாத்திருக்கலாம்... சரி, இனிமே சொல்லிக் காட்டமாட்டேன். நீ வா. ரெண்டு மாசம் வந்து இரு. ரெண்டு மாசம் முடியாதுன்னா ஒரு மாசம். கடைய உன் மச்சினன் பாத்துக்கமாட்டானா?... நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன், இங்கதான் இருப்பேன். ராத்திரி அவர் எழுந்தா ஒரு ஆள் கூட எழுந்தாப் போதும்... ஏன் முடியாது?... என்னது?

... எப்பலேருந்து?... உன் பொண்டாட்டி முழுகாம இருக்காளா! எத்தனாவது மாசம்?... அஞ்சா? டேய், அஞ்சு மாசமா எனக்குச் சொல்லலையா?... ம்... பயம்தான். புரியுது. போன தரம் மாதிரி ஆயிடுமோன்னு... இல்ல, கோவமில்ல. எனக்குக் கோவப்படக்கூட நேரம் இல்ல. நல்லா இருக்காளா? சாப்பிடறாளா?... படுத்தே இருக்கணுமா. சரி, சரி. அப்ப நீ வர முடியாதுதான்.

... ம்... என்ன பண்றா?... வாராவாரமா? வயித்து மேல கைய வெச்சுக்கிட்டா?... அப்பா பக்கத்த சத்தமாப் படிக்கறாளா... ம்...

...

இப்ப புரியுது நீ ஏன் கத்தினன்னு.

... இல்லடா. முடியாது... தம்பி, கேளு. கேளுன்னா... இன்னும் நாலு மாசம் அப்பா பேர்லயே எழுதினாப் போதும்னு நீ சொல்ற. குழந்தை பொறக்கற வரைக்கும். எனக்கும் மனசில்லாமயா? அவ படிக்கறான்னு தெரிஞ்சிருந்தா... தெரிஞ்சிருந்தாலும் முடியாது. முடியலடா. நான் ஏன் நிறுத்தினேன்னு உனக்குத் தெரியாது.

பொறுமையப் பத்தி ஒண்ணு வந்துச்சே, போன மாசம். நீ 'அருமை'ன்னு மெசேஜ்கூடப் போட்ட, கை கூப்பற படமெல்லாம் போட்டு... அதேதான். அது எப்படி எழுதினேன் தெரியுமா? அன்னைக்கு வாஷிங் மெஷின்காரங்களுக்கும் குடுக்கணும், எடிட்டருக்கும் குடுக்கணும். இவர் பிளக்கப் புடுங்கிக்கிட்டே இருந்தார். கரண்ட் வீணாகுதாம். பேட்டரி போன லேப்டாப், புடுங்கினா அணைஞ்சுடும். நான் மாட்டுவேன், அவர் புடுங்குவார். மாட்டுவேன், புடுங்குவார். எழுதினது பூரா போச்சு. கையப் புடிச்சு தரதரன்னு இழுத்துட்டுப்போய் ரூம்ல தள்ளி வெளிய தாழ்ப்பாப் போட்டேன்.

... ஆமா. நம்ம அப்பாவத்தான்.

அவர் கத்தலடா. கத்தியிருந்தாத் திறந்திருப்பேன். மெதுவாக் கதவத் தட்டினார். 'யாராவது இருக்கீங்களா? கொஞ்சம் திறந்து விடுங்க ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்'னு. தட்டுவார், நிறுத்துவார், பதிலுக்குக் காத்திருப்பார், மறுபடி தட்டுவார். நான் இந்தப் பக்கம் உக்காந்து பொறுமையப் பத்தி எழுதிக்கிட்டிருக்கேன். நல்லா வந்துச்சுடா, அதான் கொடுமை. வரி வரியா நல்லா வந்துச்சு. முடிச்சு, அனுப்பிட்டுத்தான் திறந்தேன். கட்டில் ஓரத்துல ஈரத்தோட உக்காந்திருந்தார். என்னப் பாத்ததும் எழுந்து கும்பிட்டார். கையில என் விரல் நாலும் பதிஞ்சு நீலமா இருந்துச்சு. ரொம்ப நாள் இருந்துச்சு.

அதுக்கப்புறம் பழைய பக்கங்களையேதான் எடுத்து அனுப்பினேன், என்னால அவர் பேர்ல புதுசா ஒரு வரி எழுத முடியல. உக்காந்தா தட்டற சத்தம் கேக்குது.

...

திட்டணும்னாத் திட்டு.

... அப்ப எடிட்டர்கிட்ட வேணாம்னுதான் சொல்லப்போற... சரி. சொல்லு. அது உன் இஷ்டம். நான் தடுக்கல... ஜனங்களுக்காகவா? ஜனங்க தாங்குவாங்கடா. நீ நினைக்கறதவிட அதிகமாத் தாங்குவாங்க... சரி, அவளுக்காக. ஆனா அச்சுல வந்தாலும் வராட்டியும் நான் எழுதறது முடிஞ்சுது. அடுத்த வாரம் அந்த எடம் காலியாத்தான் இருக்கும்.

... என்ன?

... நீயா?

... நீ எழுதறியா? அப்பா பேர்ல?... இல்ல, சிரிக்கல. இருமல்... நெஜமாத்தான் சொல்றியா?... ம்... நாலு மாசம் மட்டும். எல்லாரும் அப்படித்தான்டா ஆரம்பிக்கறாங்க. நானும் ஒரு வாரம்தான்னு நினைச்சேன்... கஷ்டமா? கஷ்டம் எதுவும் இல்ல, உனக்கு நல்லாவே வரும். உனக்கு நம்பிக்கையும் இருக்கு, என்ன மாதிரி இல்ல. பழசெல்லாம் அனுப்பி வைக்கறேன், பாத்துக்கோ. அவர் நீளமா எழுதமாட்டார். ஆச்சரியக்குறி போடமாட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள எடிட்டருக்குப் போயிடணும்.

... தேங்க்ஸா? எதுக்கு?... பாகம் பிரிச்சாச்சுடா, அவ்ளோதான். அப்பா பேரு உனக்கு. அப்பா எனக்கு.

...

டேய், கோவத்துல சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காத... தம்பி, அவள நல்லாப் பாத்துக்கோ. நான் கேட்டேன்னு சொல்லு... கொஞ்சம் இரு, அப்பா கூப்பிடறார்... வரேன்ப்பா! துண்டு கீழ விழுந்தா விழட்டும், குனியாதீங்க!... ம், சொல்லு, இருக்கேன். குழந்தை பொறந்தப்புறமாவது வருவ இல்ல? எப்ப வருவன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லு, நான் அத நினைச்சுக்கிட்டு... ஹலோ?... தம்பி?... ஹலோ...